மெண்டலின் கட்டுரையும் மேற்கோளின் மதிப்பும்

ஓர் ஆராய்ச்சியாளர் எழுதிய கட்டுரைகள் எத்தனை? அவற்றைப் பிறர் எத்தனை முறை தம் எழுத்துக்களில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்? இவ்விரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகளைக் கொண்டே இக்காலத்தில் ஆராய்ச்சியாளரின் தகுதியை எடைபோடுகிறார்கள். பதவி தருவதும், ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வழங்குவதும், பரிசுக்குப் பெயரைப் பரிந்துரைப்பதும் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்த்தே நடைபெறுகின்றன. இந்தத் தராசில், மரபியலின் தந்தை என்று நாம் போற்றும் கிரெகோர் மெண்டலை ஏற்றிப் பார்த்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும்? இதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் கல்லூரியில் மாணவனாக இருந்தபோது மெண்டலின் விதிகளை மனப்பாடம் செய்தவன். 'மூன்றுக்கு ஒன்று' என்ற விகிதத்தைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அந்த விகிதத்தைக் கண்டவர் அதை எங்கே எழுதினார், அதை யார் படித்தார், படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்ற எண்ணம் அப்போது என் மனத்தில் எழவில்லை. பல ஆண்டுகள் கழித்து, நானே மாணவர்களுக்குப் பாடம் சொல்ல நேர்ந்தபோதுதான் அந்தக் கட்டுரையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். விதியைக் காட்டிலும் அதன் வரலாறு எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது.

மெண்டல் 1822ஆம் ஆண்டில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த சைலீசியாவில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். யோஹான் என்பது பெற்றோர் இட்ட பெயர். அவருடைய படிப்புக்குப் பணம் போதாமல் போனபோது, தங்கை தெரேசியா தம் சீதனத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். பிற்காலத்தில் அந்தத் தங்கையின் மைந்தர்களைப் படிக்க வைத்து மெண்டல் நன்றிக்கடன் தீர்த்தார். 1843இல் புருன் நகரத்து அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்து கிரெகோர் என்னும் பெயரை ஏற்றார். அந்நகரம் இன்று செக் நாட்டில் புர்னோ என்று வழங்குகிறது. 1850இல் ஆசிரியத் தகுதித் தேர்வு எழுதித் தோல்வியுற்றார். மடத்துத் தலைவர் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே டாப்ளர் என்னும் புகழ்பெற்ற அறிஞரிடம் இயற்பியலும், உங்கர் என்பவரிடம் தாவரங்களின் வாழ்வியலும் பயின்றார். எண்ணிக் கணக்கிடும் பழக்கமும் செடிகளை உற்று நோக்கும் பழக்கமும் ஒருவரிடத்திலேயே வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் அவர் பட்டாணிச் செடிகளைப் பயிரிட்டு ஆராய்ந்தார். அவர் வளர்த்த செடிகள் ஏறத்தாழ இருபத்தெட்டாயிரம் என்பர். விதையின் வடிவம், விதையின் நிறம், செடியின் உயரம் முதலிய ஏழு பண்புகளை மட்டும் தேர்ந்துகொண்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை விதைகளே. அந்தக் கலப்பினச் செடிகளைத் தம்முள் தாமே விதைக்க விட்டபோது, மறைந்து போன சுருங்கிய விதை மீண்டும் தலைகாட்டியது. மெண்டல் எண்ணினார். மொத்தம் 7324 விதைகளில் 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று!

அதோடு அவர் நிற்கவில்லை. உருண்டை விதைகளிலிருந்து முளைத்த 565 செடிகளை அடுத்த தலைமுறையிலும் சோதித்தார். 193 செடிகள் உருண்டை விதைகளையே தந்தன. 372 செடிகள் இருவகை விதைகளையும் தந்தன. ஆகவே வெளியில் ஒன்றாகத் தோன்றும் உருண்டை விதைகளுக்குள் இரு வகைகள் இருந்தன. மூன்றுக்கு ஒன்று என்பது உண்மையில் ஒன்று, இரண்டு, ஒன்று என்ற விகிதமே. பெற்றோரிடமிருந்து வரும் பண்புகள் பாலும் நீரும் போலக் கலந்துவிடுவதில்லை. தனித்தனிக் கூறுகளாகவே வந்து, தனித்தனியாகவே பிரிந்து செல்கின்றன என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பேருண்மை.

இந்த முடிவுகளை 1865ஆம் ஆண்டு பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரு நாட்களில் புருன் இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் மெண்டல் படித்தார். அடுத்த ஆண்டில் அக்கழகத்தின் வெளியீட்டில் 'தாவரக் கலப்பினங்கள் பற்றிய சோதனைகள்' என்ற பொருளுடைய தலைப்பில் அது அச்சேறியது. அந்த வெளியீடு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கும் கழகங்களுக்கும் அனுப்பப்பட்டது. இலண்டன் மாநகரத்து அறிஞர் கழகங்களிலும் அது இருந்தது. இவையன்றி நாற்பது தனிப்படிகளையும் மெண்டல் பெற்றார். ஆதலால், யாரும் அறியாத மூலையில் அக்கட்டுரை ஒளிந்து கிடந்தது என்று சொல்வதற்கில்லை. அது உலகின் கண்முன்னே இருந்தது. கண்கள்தாம் அதன்மேல் படவில்லை.

மெண்டலின் எழுத்துப் பட்டியலை முழுமையாகப் பார்ப்போமா? இளமையில், பயிர்களைக் கெடுக்கும் பூச்சிகளைப் பற்றிச் சிறு குறிப்புகள் எழுதினார். பிறகு பட்டாணிக் கட்டுரை. 1870இல் ஹைரேசியம் என்னும் மஞ்சட்பூச் செடியின் கலப்பினங்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை. மற்றவற்றில் பெரும்பாலானவை மழை, காற்று, வெப்பம் ஆகியவற்றைப் பற்றியவை. 1870 அக்டோபரில் புருன் நகரைத் தாக்கிய சூறாவளியைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர் ஒரு வானிலை ஆராய்ச்சியாளர்! மரபியலுக்கு அவர் தந்தவை இரண்டே கட்டுரைகள்.

இனி, அதைப் படித்தவர்கள் யார் என்று பார்ப்போம். தனிப்படிகளில் ஒன்று மியூனிக் நகரத்துப் பேராசிரியர் நேகெலிக்குச் சென்றது. அவர் அக்காலத்தில் தாவரவியலில் பெரும்புகழ் வாய்ந்தவர். மெண்டல் அவருக்கு 1866 முதல் 1873 வரை நீண்ட கடிதங்கள் எழுதினார், விதைகளும் அனுப்பினார். நேகெலி அவரை ஹைரேசியம் செடியின்பால் ஈர்த்தார். அச்செடியோ பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை கொடுப்பது. தந்தையின் பங்கு இல்லாமல் தாயைப் போலவே பிள்ளை பிறக்கும் செடியில் விகிதத்தைக் காண்பது எப்படி? அச்செடியின் இரகசியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளிப்பட்டது. மெண்டலோ தம் விதிக்கு மாறான முடிவுகளைக் கண்டு, அவற்றை மறைக்காமல் உள்ளபடியே வெளியிட்டார். 1884இல் நேகெலி பாரம்பரியத்தைப் பற்றியும் பரிணாமத்தைப் பற்றியும் ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் மெண்டலின் பட்டாணிச் சோதனைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இன்னொரு படி கெர்னர் என்னும் தாவரவியல் அறிஞருக்குச் சென்றது. அக்காலத்து நூல்களின் தாள்கள் மடித்தபடியே வரும். படிப்பவர் கத்தி கொண்டு ஓரங்களை வெட்டித்தான் பக்கங்களைத் திறக்க வேண்டும். கெர்னரின் நூலகத்தில் மெண்டலின் படி பின்னாளில் கண்டெடுக்கப்பட்டபோது, அதன் பக்கங்கள் வெட்டப்படாமலே இருந்தன.

அச்சில் மெண்டலைக் குறிப்பிட்டவர்கள் சிலரே. 1869இல் ஹாஃப்மன் என்னும் ஜெர்மானியர் குறிப்பிட்டார். ஆனால் கலப்பினங்கள் பின்வரும் தலைமுறைகளில் பெற்றோரின் வடிவத்துக்குத் திரும்பும் போக்குடையவை என்பதே அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு, கணக்கை விட்டுவிட்டார். 1874இல் ரஷ்யாவில் ஷ்மால்ஹாசன் என்னும் இளைஞர் தம் ஆய்வுரையில் மெண்டலின் கணித முறையை மதித்து எழுதினார். ஆனால் அவ்வாய்வுரை ஜெர்மன் மொழியில் வெளிவந்தபோது அந்தப் பகுதி விடுபட்டுப் போயிற்று. 1881இல் ஃபோக்கே என்பவர் தாவரக் கலப்பினங்களைப் பற்றி எழுதிய பெருநூலில் மெண்டலின் பெயர் பல இடங்களில் வருகிறது. கலப்பின வகைகளிடையே நிலையான எண் விகிதங்களைக் கண்டதாக மெண்டல் நம்பினார் என்ற அளவில் அவர் கடந்து சென்றார். அதே ஆண்டில் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் கட்டுரை ஒன்றில், பிறர் பெயர்களோடு மெண்டலின் பெயரும் இடம்பெற்றது. 1892இல் அமெரிக்கரான பெய்லி, ஃபோக்கேயின் நூலிலிருந்து அந்தத் தலைப்பை எடுத்துத் தம் நூற்பட்டியலில் சேர்த்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் கிடைத்த மேற்கோள்களையெல்லாம் திரட்டினாலும் ஒரு சிறு தாளில் எழுதிவிடலாம்.

இங்கே மாணவர்களிடையே வழங்கும் ஒரு கதையைத் திருத்த வேண்டும். டார்வினின் நூலகத்தில் மெண்டலின் கட்டுரை பிரிக்கப்படாமல் கிடந்தது என்று சொல்வார்கள். அது உண்மையன்று. அக்கட்டுரை டார்வினிடம் இருந்ததற்குச் சான்று இல்லை. அவரிடம் இருந்தவை ஹாஃப்மன், ஃபோக்கே ஆகியோரின் நூல்களே. டார்வின் படித்திருந்தாலும் அதன் பொருளை உணர்ந்திருப்பாரா என்பது ஐயமே. 1868இல் வெளியான தம் நூலில் அவரே ஒரு பூச்செடிக் கலப்பின் கணக்கைத் தருகிறார். இரண்டாம் தலைமுறையின் 127 செடிகளில் 88 ஒரு வகை, 37 மற்றொரு வகை, 2 இடைப்பட்டவை. மூன்றுக்கு ஒன்றை நெருங்கும் கணக்கு அவர் கையிலேயே இருந்தது. ஆனால் விகிதத்தைத் தேடும் கேள்வி அவர் மனத்தில் இல்லை. விடை கையில் இருந்தும் வினா இல்லாவிட்டால் பயன் என்ன?

புறக்கணிப்புக்குக் காரணம் பகைமையன்று, சூழ்ச்சியும் அன்று. தாவரவியலார் கணிதத்தை எதிர்பார்க்கவில்லை. கட்டுரையின் தலைப்பு கலப்பினங்களைப் பற்றியது. பாரம்பரியம் என்ற சொல்லைத் தேடியவர்கள் அதனிடம் வரவில்லை. உயிரணுவுக்குள் குரோமோசோம்கள் பிரியும் முறையும் அப்போது தெளிவாகவில்லை. மெண்டல் சொன்ன கூறுகள் உடலில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் காட்டுவதற்கு இடம் இல்லை. அன்றியும் 1868இல் அவர் மடத்துத் தலைவரானார். 1874ஆம் ஆண்டுச் சட்டம் மடங்களின்மீது விதித்த வரியை எதிர்த்து அரசாங்கத்தோடு வழக்காடுவதிலேயே கடைசி ஆண்டுகள் கழிந்தன. 1884 ஜனவரி 6ஆம் நாள் அவர் மறைந்தார். தம் கட்டுரை உலகத்தை மாற்றப்போவதை அவர் கண்ணால் காணவில்லை.

பிறகு 1900ஆம் ஆண்டு வந்தது. ஹாலந்தில் டி விரீஸ், ஜெர்மனியில் கோரன்ஸ், ஆஸ்திரியாவில் ஷெர்மாக் ஆகிய மூவரும் சில மாத காலத்துக்குள் அடுத்தடுத்துத் தம் சோதனைகளை வெளியிட்டனர். டி விரீஸ் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட சிறு குறிப்பில் மெண்டலின் பெயர் இல்லை. அதன் படி ஏப்ரல் 21ஆம் நாள் கோரன்ஸ் கையில் கிடைத்தது. தாம் முந்த நினைத்ததில் வேறொருவர் முந்திவிட்டதை அவர் உணர்ந்தார். மறுநாளே தம் கட்டுரையை எழுதி முடித்தார். அதன் தலைப்பிலேயே 'மெண்டலின் விதி' என்று பெயர் சூட்டினார்! தமக்கும் உரியதில்லை, தம்முடன் போட்டியிட்டவருக்கும் உரியதில்லை; பதினாறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு துறவிக்கே உரியது என்று அந்தத் தலைப்பு அறிவித்தது. டி விரீஸும் தம் ஜெர்மன் கட்டுரையில் மெண்டலைக் குறிப்பிட்டிருந்தார்.

இம்மூவரும் மெண்டலை எவ்வாறு அறிந்தனர்? ஷெர்மாக் ஃபோக்கேயின் நூலைப் பார்த்துத்தான் மூலக் கட்டுரையைத் தேடிச் சென்றார். கோரன்ஸ் நேகெலியின் மாணவர். ஃபோக்கே அக்கட்டுரையின் பொருளை உணர்ந்தவர் அல்லர். ஆயினும் பெயரையும் இடத்தையும் தவறாமல் குறித்து வைத்தார். பொருள் தெரியாத ஒருவர் நட்டுவைத்த கைகாட்டி மரம், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் பொருள் தெரிந்த ஒருவருக்கு வழி காட்டியது. மேற்கோளின் முதற்பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன். அது புகழின் அளவுகோலாவதற்கு முன்னர், பின்வருவோருக்கு வழிகாட்டும் அடையாளம்.

1901இல் அக்கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்தது. இங்கிலாந்தில் பேட்சன் அதற்காக வாதாடினார்; மரபியல் என்ற துறைக்குரிய ஆங்கிலப் பெயரை 1905இல் உண்டாக்கியவரும் அவரே. மேற்கோள்கள் பெருகின, எல்லாம் பாராட்டாக இல்லை. 1936இல் புள்ளியியல் மேதை ஃபிஷர், மெண்டலின் எண்கள் எதிர்பார்க்கும் விகிதத்துக்கு அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று ஐயம் எழுப்பினார். அவ்விவாதம் பல்லாண்டுகள் நீடித்தது. 1948இல் சோவியத் நாட்டில் லைசென்கோவின் ஆதிக்கத்தில் மெண்டலின் பெயர் வசைச் சொல்லாகவே ஆயிற்று. மரபியலாளர்கள் பதவி இழந்தனர். அந்த நிழல் மெண்டலின் சொந்த நகரத்தின் மீதும் படர்ந்தது. 1965இல் நூற்றாண்டு விழாவுக்காக உலக அறிஞர்கள் அதே புர்னோவில் கூடியபோது அந்த நிழல் விலகத் தொடங்கியது. பெயர் எத்தனை முறை வந்தது என்று மட்டும் எண்ணினால், வாழ்த்தும் வசையும் அக்கணக்கில் ஒன்றாகவே விழும்.

மேற்கோள்களை முறையாக எண்ணும் வழக்கத்துக்கும் மரபியலுக்கும் ஒரு நெருங்கிய உறவு உண்டு. அமெரிக்க வழக்கறிஞர்கள், ஒரு தீர்ப்பைப் பின்னைய தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்தாண்டன என்று காட்டும் அட்டவணையை 1873 முதலே பயன்படுத்தி வந்தார்கள். யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் அதைக் கண்டு, விஞ்ஞானத்துக்கும் அத்தகைய அட்டவணை வேண்டும் என்று 1955இல் எழுதினார். நோபெல் பரிசு பெற்ற மரபியல் அறிஞர் லெடர்பர்க் அவருக்கு ஊக்கமளித்தார். முதற்சோதனைக்கு எடுத்துக்கொண்ட துறை மரபியலே. மரபியல் மேற்கோள் அட்டவணை 1963இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து எல்லா விஞ்ஞானங்களுக்கும் உரிய பேரட்டவணை 1964இல் தோன்றியது. இத்தகைய அட்டவணை நூறாண்டுகளுக்கு முன்பே இருந்திருந்தால் மெண்டல் புறக்கணிக்கப்பட்டிருப்பாரா என்று கார்ஃபீல்டே பின்னர் ஒரு கட்டுரையில் வினவினார். ஒரு கட்டுரையிலிருந்து அதன் வழித்தோன்றல்களைத் தேடிச் செல்வதே அட்டவணையின் நோக்கம். அதாவது, ஃபோக்கே செய்த வேலையை ஒழுங்காகவும் முழுமையாகவும் செய்வது.

காலப்போக்கில் வழிகாட்டி தராசாக மாறியது. ஓர் இதழில் முந்திய இரண்டாண்டுகளில் வந்த கட்டுரைகள் ஓராண்டில் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பது இதழின் மதிப்பெண் ஆயிற்று. 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலார் தனிமனிதருக்கும் ஓர் எண்ணை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையேனும் எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. இந்தக் கணக்கில், எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு மேல் எவரும் ஏற முடியாது. மரபியலில் இரண்டே கட்டுரை எழுதிய மெண்டலின் எண் அத்துறையில் என்றென்றும் இரண்டைத் தாண்டாது! இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான மாணவர்கள் அவர் விதியைப் படித்தாலும் அந்த எண் நகராது. மேலும், ஓர் உண்மை பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டால் அதைக் கண்டவரின் கட்டுரையை யாரும் குறிப்பிடுவதில்லை. மூன்றுக்கு ஒன்று என்று எழுதுகிறவர் 1866ஆம் ஆண்டு வெளியீட்டைச் சுட்டுவதில்லை. மிகப்பெரிய வெற்றியை அட்டவணை பதிவு செய்வதே இல்லை. இதழின் மதிப்பெண்ணைக் கொண்டு மனிதரை மதிப்பிட வேண்டாம் என்று 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ அறிக்கையில் அறிஞர்கள் பலர் கையெழுத்திட்டதன் காரணம் இத்தகைய குறைகளே.

அப்படியானால் எண்ணுவதே தவறா? அவ்வாறு நான் சொல்ல மாட்டேன். எண்ணுவதன் பெருமையை உலகுக்குக் காட்டியவரே மெண்டல்தாம். ஆனால் அவர் எண்ணுவதற்கு முன்னர் எதை எண்ண வேண்டும் என்று சிந்தித்தார். எண்ணிய பின்னர் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று மீண்டும் சோதித்தார். உருண்டை விதைகளையெல்லாம் ஒன்றென்று கருதி அவர் நின்றிருந்தால் விதி பிறந்திராது. மேற்கோள்களையெல்லாம் ஒன்றென்று கருதி நின்றுவிடுகிறவர்கள் இந்தப் பாடத்தை அவரிடமே கற்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களில் சிலர் ஆராய்ச்சி செய்யப் போகிறீர்கள். பெய்லியைப் போல ஒரு நூலிலிருந்து பெயரை மட்டும் பெயர்த்தெழுதும் சோம்பல் உங்களுக்கு நேரலாம். மூலத்தைத் தேடிப் படியுங்கள். கோரன்ஸைப் போல, முந்தியவர் ஒருவர் உண்டு என்று காணும் கசப்பும் நேரலாம்; அவர் பெயரைத் தலைப்பிலேயே எழுதத் தயங்காதீர்கள். உங்கள் மேசைமேல் யாரோ ஒருவர் அனுப்பிய கட்டுரை வெட்டப்படாத பக்கங்களோடு கிடக்கலாம். இன்று நீங்கள் கேட்ட இந்த வரலாற்றை நினைவில் வைத்து, அந்தப் பக்கங்களை ஒருமுறை திறந்து பாருங்கள்.